நான்கே வெற்றி, பட்டம் இல்லை: டான் கர்னி எப்படிப் பெரிய ஆள் ஆனார்?

ஃபார்முலா ஒன் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் டான் கர்னி சுமாரான ஓட்டுநர். 1959 முதல் 1970 வரை 86 கிராண்ட் ப்ரீ பந்தயங்கள், அதில் 4 வெற்றி. உலக சாம்பியன்ஷிப் வரிசையில் நான்காம் இடத்துக்கு மேல் ஏறியதே இல்லை. அதே காலத்தில் ஓட்டிய ஜிம் கிளார்க் 25 பந்தயங்களை வென்று, இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர். 1968 ஏப்ரலில் ஹாக்கன்ஹைம் விபத்தில் கிளார்க் இறந்தார். அடக்கத்துக்கு ஸ்காட்லாந்து போயிருந்த கர்னியிடம் கிளார்க்கின் தந்தை ஒரு விஷயம் சொன்னார்: என் மகன் பயந்த ஒரே ஓட்டுநர் நீங்கள்தான்.

கிளார்க் பயந்த ஆளின் கணக்கில் ஏன் இவ்வளவு குறைவான வெற்றிகள்? காரில் கோளாறு, துரதிர்ஷ்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை உண்டு. 1964இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது பெட்ரோல் தீர்ந்தது போன்ற சம்பவங்கள் அவர் வாழ்க்கையில் நிறைய. ஆனால் அவர் எந்த அணியை எப்போது விட்டார், விட்டபின் என்ன செய்தார் என்று வரிசையாகப் பார்த்தால் அதிர்ஷ்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. கொடுத்த காரை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதர் அவர் இல்லை. அந்தக் குணம்தான் பட்டத்தைக் கெடுத்தது. இன்றும் அவர் பெயர் பேசப்படுவதற்கும் அதுவே காரணம்.

கர்னி 1931 ஏப்ரல் 13 அன்று நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் உள்ள போர்ட் ஜெஃபர்சனில் பிறந்தார். அப்பா ஜான் கர்னி மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடிய பாடகர். தாத்தா பால் பேரிங் தயாரிப்பில் பெயர் எடுத்தவர். ஒரு பக்கம் சங்கீதம், ஒரு பக்கம் இயந்திரம். பேரனுக்கு எது ஒட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடுக்குக் குடிபெயர்ந்தது.

அந்த இடமாற்றம் முக்கியமானது. போருக்குப் பிந்தைய தெற்குக் கலிஃபோர்னியாவில் விமானத் தொழிற்சாலைகள் நிறைய. அலுமினியத்தை வளைக்கவும் வெல்டிங் செய்யவும் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு. பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, எஞ்சினைப் பிரித்து, வேகத்தைக் கூட்டி ஓட்டுவது இளைஞர்களின் பொழுதுபோக்கு. கர்னி 19 வயதில் தானே கட்டிய காரை பான்வில் உப்புப் படுகைக்குக் கொண்டுபோய் மணிக்கு 138 மைல், அதாவது சுமார் 222 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பிறகு ராணுவத்தில் பீரங்கிப் படையின் மெக்கானிக்காகக் கொரியா போய்வந்தார்.

1957இல் புதிதாகத் திறந்த ரிவர்சைட் பந்தயப் பாதையில், மற்றவர்கள் ஓட்டப் பயந்த 4.9 லிட்டர் ஃபெராரி ஒன்றை ஓட்டி, அமெரிக்க ஓட்டுநர் கேரல் ஷெல்பிக்கு அடுத்ததாக இரண்டாவது வந்தார். அமெரிக்காவில் ஃபெராரி கார்களை விற்ற லூயிஜி கினெட்டியின் கண்ணில் பட இது போதும். 1958இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம், 1959இல் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் அணி. முதல் நான்கு பந்தயங்களிலேயே ஓர் இரண்டாம் இடம், ஒரு மூன்றாம் இடம். ஐரோப்பியப் பந்தயப் பாதைகளில் அதிகம் ஓட்டியிராத ஒருவருக்கு இது சாதாரணமான தொடக்கம் இல்லை.

பின்னால் திரும்பத் திரும்ப நடக்கப்போவது இங்கேயே முதல் முறை நடந்தது. ஃபெராரியின் கண்டிப்பும் குறைந்த சம்பளமும் பிடிக்காமல் ஒரே ஆண்டில் விலகி, 1960இல் பி.ஆர்.எம். அணிக்குப் போனார். அங்கே கார் பந்தயத்தை முடிப்பதே அபூர்வம். நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் பிரேக் செயலிழந்து கார் தடம் மாறிப் பாய, பார்வையாளராக இருந்த ஓர் இளைஞர் இறந்தார். கர்னிக்குக் கை முறிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைப்பதற்குச் சற்று முன்பாகவே பெடலை ஒருமுறை லேசாகத் தட்டி, பிரேக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் வந்துவிட்டது. ஃபெராரியிலேயே இருந்த இன்னொரு கலிஃபோர்னியாக்காரர் ஃபில் ஹில் 1961இல் உலக சாம்பியன் ஆனார்.

அடுத்தது போர்ஷே. 1961இல் மூன்று இரண்டாம் இடங்கள். ரான்ஸ் பந்தயத்தில் வெற்றி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கில் நழுவியது. 1962 ஜூலையில் ரூவான் பாதையில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயை வென்றார். போர்ஷே சொந்தக் காரோடு இன்றுவரை வென்ற ஒரே உலக சாம்பியன்ஷிப் பந்தயம் அதுதான். செலவு கட்டுப்படியாகாமல் அந்த ஆண்டின் முடிவிலேயே போர்ஷே கிளம்பிவிட்டது. கர்னி ஜாக் பிராபம் தொடங்கிய புதிய அணியில் சேர்ந்தார். 1964இல் அதே ரூவானில் பிராபம் அணியின் முதல் சாம்பியன்ஷிப் வெற்றியும் கர்னியுடையது. அணிகளுக்கு முதல் வெற்றி வாங்கித் தருவது இவருடைய வேலையாகவே ஆகிப்போனது.

இதற்கு நடுவே, ஓட்டுநர் என்கிற முறையில் அவருக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயமான இண்டியனாபொலிஸ் 500இல் அப்போது எஞ்சினை முன்னால் வைத்த கனமான கார்கள்தான் ஓடின. ஐரோப்பாவிலோ எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1961இல் ஜாக் பிராபம் அப்படியொரு சின்ன கூப்பர் காரைக் கொண்டுவந்து ஒன்பதாவது வந்தபோது அமெரிக்க அணிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கர்னி எடுத்துக்கொண்டார். 1962 மே மாதத்தில் லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மனைத் தன் சொந்தச் செலவில் விமானம் ஏற்றி இண்டியனாபொலிஸுக்கு வரவழைத்து, இங்கே என்ன ஓடுகிறது என்று நேரில் காட்டினார். பிறகு ஃபோர்டு நிறுவனத்தோடும் பேசவைத்தார். 1963இல் லோட்டஸ் ஃபோர்டு காரில் கிளார்க் இரண்டாவது, கர்னி ஏழாவது. 1965இல் கிளார்க் வென்றார். முன்னால் எஞ்சின் வைத்த கார் இண்டியில் கடைசியாக வென்றது 1964இல். அதோடு அந்தத் தலைமுறை கார்களின் காலம் முடிந்தது. தனக்கு வெற்றி கிடைத்ததா என்று கேட்டால் இல்லை. தன்னைவிட வேகமான ஒருவரை அழைத்துவந்து ஜெயிக்கவைத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தக் காலத்தில் அமெரிக்காவில் அவருக்கு இருந்த செல்வாக்கைப் புரிந்துகொள்ள ஒரு வேடிக்கை போதும். 1964 ஜனாதிபதித் தேர்தலுக்கு ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை ‘கர்னியை ஜனாதிபதியாக்குவோம்’ என்று பிரசாரம் தொடங்கி, ஸ்டிக்கரெல்லாம் அடித்தது. ஜனாதிபதி ஆக 35 வயது வேண்டும், கர்னிக்கு 33தான். அது வேறு விஷயம்.

இனி, கர்னி சொந்தமாகக் கட்டிய ஈகிள் கார்களின் கதை. பட்டம் எங்கே போனது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

1960களின் நடுவில் அமெரிக்காவில் இரண்டு டயர் நிறுவனங்கள் மோதிக்கொண்டிருந்தன. இண்டியனாபொலிஸில் பல்லாண்டுகளாக ஃபயர்ஸ்டோன் கொடிதான் பறந்தது. அதை இறக்க குட்இயர் கையில் பணத்தோடு ஆள் தேடியது. அந்தப் பணம்தான் கர்னியும் ஷெல்பியும் சேர்ந்து கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ஆல் அமெரிக்கன் ரேசர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கக் காரணம். லோட்டஸில் வேலை பார்த்த லென் டெரியை அழைத்து வந்து கார் வரையச் சொன்னார்கள். குட்இயருக்குத் தேவை இண்டி. கர்னியின் மனசு கிராண்ட் ப்ரீயில். ஆகவே ஒரே அடிப்படை வடிவம் இரண்டுக்கும் பயன்பட்டது. இண்டியின் 500 மைல் ஓட்டத்துக்கு ஏற்றபடி உறுதியாகச் செய்த சேஸிஸ், அதாவது காரின் உடற்கூடு, ஃபார்முலா ஒன்னில் கூடுதல் சுமை ஆனது.

எஞ்சினுக்கு இங்கிலாந்தின் ரை என்ற சிற்றூரில் இருந்த வெஸ்லேக் நிறுவனத்தைப் பிடித்தார்கள். ஆப்ரி வுட்ஸ் வடிவமைத்த 12 சிலிண்டர், 3 லிட்டர் எஞ்சின். காகிதத்தில் அருமையானது. ஆனால் அங்கிருந்த இயந்திரங்கள் முதல் உலகப் போர்க் காலத்து மிச்சம். ஒரே வரைபடத்தில் செய்த இரண்டு எஞ்சின்கள் ஒரே சக்தியைத் தராது. ஒன்றுக்கான பாகம் இன்னொன்றில் சரியாக உட்காராது. 1966 சீசன் தொடங்கியபோது அது தயாராகவும் இல்லை. அணி பழைய நான்கு சிலிண்டர் கிளைமாக்ஸ் எஞ்சினோடு சமாளித்தது.

இப்போது கர்னி விட்டுவந்த இடத்தைப் பாருங்கள். 1965 இறுதியில் அவர் பிராபம் அணியிலிருந்து விலகினார். அவர் இருந்திருந்தால் ஜாக் பிராபம் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டு நிர்வாகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தார் என்பார்கள். 1966இல் 3 லிட்டர் விதி வந்தபோது எல்லோரும் பெரிய, சிக்கலான எஞ்சின்களைத் தேடி ஓட, பிராபம் மட்டும் ஓல்ட்ஸ்மொபில் காருக்காக வார்த்த அலுமினிய பிளாக்கை எடுத்து, ஆஸ்திரேலியாவின் ரெப்கோவிடம் கொடுத்து, எளிமையான வி8 ஒன்றைச் செய்துவாங்கினார். சக்தி அதிகமில்லை, ஆனால் உடையாது. 1966இல் ஜாக் பிராபம் உலக சாம்பியன். 1967இல் கர்னி விட்டுப்போன இருக்கையில் உட்கார்ந்திருந்த டென்னி ஹியூம் உலக சாம்பியன்.

அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள், கர்னி 1965 வரை வேலை பார்த்த பட்டறையில். இதை அவர் கெட்ட நேரம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். என் கணிப்பு வேறு: பிராபம் போலச் சிக்கனமான, ‘இது போதும்’ என்கிற காரைக் கர்னி ஒருபோதும் கட்டியிருக்க மாட்டார். டைட்டானியமும் மெக்னீசியமும் போட்டு எடை குறைத்த, பருந்தின் அலகு போன்ற மூக்கு வைத்த, கருநீலத்தில் வெள்ளைக் கோடு இழுத்த கார்தான் அவருக்கு வேண்டும். ஃபார்முலா ஒன்னில் வந்த கார்களிலேயே அழகானது எது என்று ரசிகர்கள் சண்டை போடும்போது 1967 ஈகிள் தவறாமல் வந்துவிடுகிறது. 1967இல் அந்தக் காரில் கர்னி முடித்த சாம்பியன்ஷிப் பந்தயங்கள் எத்தனை தெரியுமா? இரண்டு.

அந்த இரண்டில் ஒன்று ஸ்பா. அதற்கு முன் அதே மாதம், ஜூன் 10, 11 தேதிகளில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். கர்னியும் இன்னொரு அமெரிக்க ஓட்டுநரான ஏ.ஜே. ஃபாய்ட்டும் ஃபோர்டு மார்க் ஃபோர் காரில். இருவரும் போட்டி போட்டு ஓட்டிக் காரை உடைத்துவிடுவார்கள் என்று பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். இருவரும் நேர்மாறாக நிதானம் காட்டினார்கள். கர்னி ஆறடிக்கு மேல் உயரம். ஹெல்மெட் இடிக்காமல் இருக்கக் காரின் கூரையில் அவருக்காக ஒரு புடைப்பே வைத்திருந்தார்கள்.

இரவில் ஃபெராரி ஓட்டிய மைக் பார்க்ஸ் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்து அடித்துச் சீண்டினார். பல சுற்று முன்னிலையில் இருந்த கர்னிக்கு அவரோடு போட்டியிடத் தேவையே இல்லை. ஆர்னாஜ் திருப்பத்தில் காரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டார். பார்க்ஸும் பின்னால் நிறுத்தினார். உலகின் மிக வேகமான இரண்டு கார்கள், பந்தயத்தின் நடுவே, இருட்டில் சும்மா நின்றன. கடைசியில் பார்க்ஸ்தான் பொறுமையிழந்து கிளம்பினார். கர்னி ஜோடி 388 சுற்றுகள், 5,232 கிலோமீட்டர் ஓடி, நான்கு சுற்று வித்தியாசத்தில் வென்றது. ஓட்டுநர், அணி, சேஸிஸ், எஞ்சின், டயர் என எல்லாமே அமெரிக்கர்களுடையதாக இருந்து கிடைத்த லெ மான் வெற்றி அது ஒன்றுதான்.

மேடையில் கையில் ஷாம்பெயின் பாட்டிலைக் கொடுத்தார்கள். கீழே இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, ஷெல்பி, ‘உடைத்துவிடுவார்கள்’ என்று எழுதிய பத்திரிகையாளர்கள். கர்னி பாட்டிலைக் குலுக்கி எல்லோர் மேலும் பீய்ச்சினார். முந்தைய ஆண்டு அதே மேடையில் யோ சிஃபெர்ட்டின் பாட்டில் தானாகத் திறந்து தெறித்தது உண்டு; அது விபத்து. வேண்டுமென்றே செய்து வழக்கமாக்கியவர் கர்னி. இன்று எந்த ஊர்ப் பந்தய மேடையைப் பார்த்தாலும் இது நடக்கிறது.

ஒரே வாரம் கழித்து, ஜூன் 18, பெல்ஜியத்தில் ஸ்பா. கிளார்க்கிடம் புத்தம் புதிய லோட்டஸ் 49, அதில் இரண்டு வாரம் முன்பு அறிமுகப் பந்தயத்திலேயே வென்றிருந்த காஸ்வொர்த் எஞ்சின். முதல் சுற்றிலேயே மைக் பார்க்ஸின் ஃபெராரி தூக்கியெறியப்பட்டுக் கால்கள் முறிந்தன. அவர் மறுபடி ஃபார்முலா ஒன் ஓட்டவே இல்லை. கிளார்க் முன்னணியில் போய் ஸ்பார்க் பிளக் தொல்லையால், பாதையோரம் கார்களைப் பழுது பார்க்கும் பிட்டுக்கு வந்தார். கர்னியின் எஞ்சினுக்குப் பெட்ரோல் அழுத்தம் குறைந்துகொண்டிருந்தது. அவரும் பிட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினார். முன்னணிக்கு வந்த ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்குக் கியர் கோளாறு. கர்னி அவரைத் தாண்டி, ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 235 கிலோமீட்டர். அதுவரை நடந்த கிராண்ட் ப்ரீ பந்தயங்களிலேயே மிக வேகமானது.

தன் பெயரிலோ தன் நிறுவனத்தின் பெயரிலோ கட்டிய காரில் ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் பந்தயம் வென்றவர்கள் மூன்று பேர்தான்: ஜாக் பிராபம், கர்னி, புரூஸ் மெக்லாரன். அமெரிக்கக் காரில் அமெரிக்கர் ஒருவர் பெரிய கிராண்ட் ப்ரீ ஒன்றை அதற்கு முன் வென்றது 1921இல், ஜிம்மி மர்ஃபி டூசன்பர்க் காரில் பிரான்சில் வென்றபோது.

அந்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் மீண்டும் 40 விநாடிக்கு மேல் முன்னிலையோடு ஓடிக்கொண்டிருந்தபோது, மூன்று சுற்றுகூட மிச்சமில்லாத நேரத்தில் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட் உடைந்தது. வென்றது ஹியூம். வேறு யார்! காஸ்வொர்த் எஞ்சின் மற்ற அணிகளுக்கும் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் வெஸ்லேக்கின் கதை முடிந்தது. 1968இல் பணமும் தீர்ந்தது, ஈகிள் ஃபார்முலா ஒன்னை விட்டது.

சரி, ஐரோப்பாவில் கரைந்த அந்தப் பணம் சம்பாதித்தது எங்கே? இண்டியில். 1968 இண்டியனாபொலிஸ் 500இல் அமெரிக்க ஓட்டுநர் பாபி அன்சர் ஈகிள் காரில் முதலாவது, கர்னி ஈகிளில் இரண்டாவது, ஹியூம் ஈகிளில் நான்காவது. கர்னி அடுத்த ஆண்டும் இரண்டாவது, 1970இல் மூன்றாவது. கட்டியவராக வென்றார், ஓட்டியவராக அந்தப் பந்தயம் கடைசிவரை கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்கார் பக்கம் போனால், சொந்த ஊரான ரிவர்சைடின் 500 மைல் பந்தயத்தை 5 முறை வென்றிருக்கிறார். ஃபார்முலா ஒன், இண்டி கார், நாஸ்கார், ஸ்போர்ட்ஸ் கார் நான்கிலும் பெரிய பந்தயங்களை வென்ற முதல் ஆள் இவர். பின்னால் மரியோ ஆண்ட்ரெட்டியும் ஹுவான் பாப்லோ மொண்டோயாவும்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை 1968இல் ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

1970 ஜூனில் புரூஸ் மெக்லாரன் கார் சோதனையில் இறந்ததும், தடுமாறி நின்ற அந்த அணிக்காகச் சில பந்தயங்கள் ஓட்டினார். அந்த ஆண்டு இறுதியில் ஓட்டுவதை நிறுத்தினார். வயது 39.

அதன் பிறகுதான், பந்தயக் கார்களைத் தாண்டியும் அவர் பெயர் நிலைத்த காரியம் நடந்தது. 1971இல் பீனிக்ஸில் பாபி அன்சரோடு சோதனை ஓட்டம். நாள்கணக்கில் ஓட்டியும் வேகம் வரவில்லை. ஏதாவது செய்யுங்கள் என்றார் அன்சர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் வால் பக்கம் தகடு வைத்துப் பார்த்தது கர்னிக்கு ஞாபகம் வந்தது. அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்து, பின் இறக்கையின் கடைசி விளிம்பில் செங்குத்தாக நிற்கும்படி பொருத்தினார். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. அன்சர் போய் ஓட்டிவந்தார், நேரம் முன்னேறவில்லை. ஆனால் மற்றவர்கள் காதில் விழாதபடி கர்னியிடம் சொன்னார்: பின் பக்கம் தரையில் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது, இப்போது முன் பக்கம்தான் வழுக்குகிறது. முன்னாலும் அதற்கேற்ற அழுத்தம் கொடுத்தால் போதும்.

பந்தயக் காரின் இறக்கை விமான இறக்கையைக் கவிழ்த்தது போன்றது. அடிப்பக்கம் காற்று வேகமாகப் போய் அழுத்தம் குறைவதால் கார் கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. இறக்கையின் சாய்வைக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் காற்று அடிப்பக்கத்தை விட்டுப் பிரிந்துவிடும். அதோடு அந்த இழுப்பும் போகும். விளிம்பில் நிற்கும் சின்னப் பட்டை தனக்குப் பின்னால் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழல்களை உண்டாக்குகிறது. அவை காற்றை இன்னும் கொஞ்ச தூரம் இறக்கையோடு ஒட்டி வரச் செய்கின்றன. பட்டையின் உயரம் இறக்கை அகலத்தில் ஒன்றிரண்டு சதவீதம் இருந்தால் போதும். அதைவிட உயர்த்தினால் காற்றுத் தடைதான் கூடும்.

விளிம்பு கூராக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பாடப்புத்தகம். அதனால் மற்ற அணிகள் பார்த்தும் நம்பவில்லை. கேட்டவர்களிடம், காரைத் தள்ளும்போது கை அறுபடாமல் இருக்க வைத்தோம் என்று சொல்லிச் சமாளித்தார்கள்! பிறகு மெக்டோனல் டக்ளஸ் விமான நிறுவனத்தின் பொறியாளர் பாப் லீபெக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, ‘கர்னி ஃபிளாப்’ என்று பெயர் வைத்தார். இன்று அது ஹெலிகாப்டர்களின் வால் பகுதியிலும் இருக்கிறது.

பெரிய இறக்கைகள் அனுமதிக்கப்பட்ட 1972இல் அன்சர் புதிய ஈகிளில் இண்டி தகுதிச் சுற்றில் மணிக்கு 195.940 மைல் ஓட்டினார். முந்தைய ஆண்டின் முதலிட வேகம் 178.696. ஒரே ஆண்டில் 17 மைல் ஏறியது. பந்தயத்தில் அன்சர் சீக்கிரமே வெளியேறினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஈகிள் குணம் அது. ஆனால் 1973இலும் 1975இலும் ஈகிள் கார்களே இண்டியை வென்றன.

1978இல் கர்னி எழுதிய ஓர் அறிக்கை கார்களைவிடப் பெரிய சண்டையைக் கிளப்பியது. அணி உரிமையாளர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள், பந்தயத்தை நடத்தும் சங்கத்தில் அவர்களுக்கு உரிய குரல் இல்லை, ஐரோப்பாவில் பெர்னி எக்கிள்ஸ்டன் அணிகளைச் சேர்த்து அதிகாரம் பெற்றது போல நாமும் சேர வேண்டும் என்பது சாரம். ரோஜர் பென்ஸ்கி, பாட் பேட்ரிக் போன்றவர்கள் கைகோக்க, 1979 முதல் ‘கார்ட்’ என்ற தனித் தொடர் ஓடியது. 1996இல் இண்டி பந்தயம் மறுபடி பிளந்து, 2008இல்தான் ஒன்று சேர்ந்தது. உரிமையாளர்கள் கையில் அதிகாரம் போனது நல்லதுக்கா கெட்டதுக்கா என்பதில் அமெரிக்க ரசிகர்களிடம் இன்னும் ஒருமித்த கருத்து கிடையாது.

1980களில் டொயோட்டாவோடு கூட்டு. 1992, 1993 இரண்டு ஆண்டுகளும் அவர்களுடைய ஈகிள் மார்க் த்ரீ அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் எதிராளி இல்லாமல் ஓடியது. தொடர்ச்சியாக 17 வெற்றி. இவ்வளவு பார்த்த மனிதர் அங்கேயே நின்றிருக்கலாம். 1996இல், 65 வயதில், டொயோட்டாவின் புத்தம் புதிய, இன்னும் பழகாத எஞ்சினை எடுத்துக்கொண்டு மீண்டும் இண்டி கார் பந்தயத்துக்குப் போனார். மற்றவர்கள் விலைக்குக் கிடைக்கும் சேஸிஸை வாங்கி ஓட்ட, தன் சொந்த ஈகிளையும் கட்டினார். எஞ்சினில் சக்தி இல்லை, கார் பின்வரிசையிலேயே ஓடியது, 1999 முடிவில் விலகினார்கள். பிறகு சாண்டா ஆனா பட்டறை மகன் ஜஸ்டின் பொறுப்புக்கு வந்தது. 2018 ஜனவரி 14 அன்று கர்னி நிமோனியாவால் இறந்தார்.